புழுதியில் ஏறிப் பறக்கும் நஞ்சு

(கணியம்பாடி உழவர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

  

காற்றுக்குத் திசைக்கொரு பெயர் வைத்தவன் தமிழன். வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. இப்பெயர்கள் பாட்டுக்காக மட்டும் பிறந்தவையல்ல. விதைக்கவும், களத்தில் நெல் தூற்றவும், கடலில் கலம் செலுத்தவும் காற்றின் போக்கறிந்தாக வேண்டியிருந்தது. எந்தக் காற்றில் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று தெரிந்து வாழ்ந்த இனம் இது. அவ்வினத்தின் வழிவந்த உழவன் கையில் இன்று ஒரு குப்பி இருக்கிறது. அதனுள் களைக்கொல்லி இருக்கிறது. குப்பியைத் திறக்கும் நாளில் வீசும் காற்றைப்பற்றி அவனுக்கு எச்சரிக்கை உண்டு. திறந்து தெளித்து முடித்தபின் நாற்பது நாள் வீசப்போகும் காற்றைப்பற்றி யார் எச்சரித்தார்?

கணியம்பாடியைச் சூழ்ந்த மேட்டு நிலம் செம்மண் நிலம், மணற்பாங்கானது. கிணறு உள்ளவன் நெல்லும் கரும்பும் வைக்கிறான். கிணறில்லாதவன் வானம் பார்த்து நிலக்கடலை விதைக்கிறான். இவ்வட்டார வழக்கில் சொன்னால், மல்லாட்டை. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது அவனுக்கு நூலறிவன்று, பாட்டன் சொல். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதும் அதே பாட்டன் சொல்லே. இவ்விரு சொற்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். விதைக்கும் திங்களும் ஆடி. அம்மி பறக்கும் திங்களும் ஆடி. பழைய நாளில் இதனால் பெருங்கேடு இல்லை. காற்றில் பறந்தது புழுதி மட்டுமே. இப்பொழுது விதைத்த மூன்றாம் நாள், முளை வெளிவருமுன், வெற்று மண்மேல் பெண்டிமெத்தலின் போன்ற களைக்கொல்லி தெளிக்கப்படுகிறது. மண்ணின் மேல்தோலிலேயே ஒட்டிக் கிடந்து, களை முளைக்கும்போது அதைக் கருக்குவதுதான் அதன் வேலை. கீழிறங்கிப் போய்விட்டால் அதனால் பயனில்லை. எனவே மேல்தோலை விட்டு அகலாதபடியே அது ஆக்கப்பட்டிருக்கிறது. காற்று அள்ளுவதும் அந்த மேல்தோலைத்தான்.

"ஈரமண்ணில்தானே தெளிக்கிறோம், ஈரமண் எங்ஙனம் பறக்கும்?" என்று உழவர் கேட்கக்கூடும். நேர்மையான கேள்வி. ஆடி மழை இவ்வட்டாரத்தில் அடைமழையன்று. ஒருநாள் பெய்து பல நாள் ஓயும். மணற்பாங்கான செம்மண்ணின் மேற்பரப்பு இரண்டு மூன்று வெயிலில் உலர்ந்துவிடும். அடியில் ஈரம் இருக்க, மேலே மாவாகிக் கிடக்கும். முளைத்த செடி நிலத்தை மூடக் கிழமைகள் ஆகும். அதுவரை காற்றுக்கும் மண்ணுக்கும் இடையே தடுப்பு ஏதுமில்லை.

காற்று மண்ணை அள்ளும் வகை மூன்று. பருமணல் தரையோடு உருளும். அது வரப்பைத் தாண்டாது. இடைத்தரமான மணல் துள்ளும். துள்ளி விழுந்து, விழுந்த இடத்தில் நுண்தூளைக் கிளப்பிவிடும். நுண்தூளோ மிதக்கும், ஊரைத் தாண்டும், மலையைத் தாண்டும். இவற்றுள் நஞ்சு எதில் மிகுதி என்பதே கேள்வி. களைக்கொல்லி மண்ணிலுள்ள களிமத்தையும் மக்கையும் பற்றிக்கொள்ளும் இயல்பினது. அவ்விரண்டும் மிகுந்திருப்பது நுண்தூளில். ஆகவே பருமணலில் உள்ளதைவிட, மிதக்கும் தூளில்தான் நஞ்சின் செறிவு கூடுதல். இது வெறும் ஊகமன்று. நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர் கிளைபோசேட்டு என்னும் களைக்கொல்லியைக் கொண்டு இதனை ஆய்ந்து 2017இல் வெளியிட்டனர். ஒரு மில்லிமீட்டரை நூறு கூறாக்கினால் வரும் ஒரு கூற்றினும் சிறிய துகளிலேயே நஞ்சு மிகுந்திருந்தது. அதே ஆண்டில், அர்செந்தீனாவின் அரைவறள் நிலத்து உழுமண்ணிலிருந்து எழும் மூச்சுத்தூசியை ஆய்ந்தவர்களும் அத்தூசியில் அந்நஞ்சு இருப்பதைக் காட்டினர். அந்த அளவுத் துகள் மூக்கு மயிரில் தங்குவதில்லை, நெஞ்சுக்குள் இறங்குகிறது.

இன்னொன்றும் உண்டு. மண்ணில் விழுந்த நஞ்சைத் தின்று சிதைப்பவை நுண்ணுயிர்கள். அவற்றுக்கு ஈரம் வேண்டும். உலர்ந்த மண்ணில் அவை உறங்கிவிடுகின்றன. ஆகவே வறண்ட காட்டில் நஞ்சு சிதைவதும் மெதுவாகிறது. காற்று அள்ளுவதற்கு ஏற்ற மண்ணே நஞ்சைக் காத்து வைக்கும் மண்ணாகவும் இருக்கிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு எக்டேர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் உயர மண் பறந்தால் அது பத்துக் கன மீட்டர். எடையில் ஏறத்தாழ 14 டன். ஒரு மில்லிமீட்டர் என்பது கண்ணுக்குத் தெரியாத இழப்பு; வரப்பில் நின்று பார்க்கும் உழவனுக்கு நிலம் நேற்றுப்போலவே தோன்றும். அந்த எக்டேருக்கு ஒரு கிலோ களைக்கொல்லி தெளிக்கப்பட்டு, அது மேற்புறத்து ஒரு சென்டிமீட்டர் மண்ணில் சமமாகத் தங்கியிருந்தால், ஒரு மில்லிமீட்டர் மண்ணோடு போவது பத்தில் ஒரு பங்கு. அதாவது 100 கிராம். உழவன் காசு கொடுத்து வாங்கிய நஞ்சில் பத்தில் ஒன்று அவன் களையைக் கொல்லாமல் காற்றில் போகிறது. அதனோடு 14 டன் மண்ணும், அம்மண்ணிலேயே கொழுத்த பகுதியும் போகின்றன. எரு கொட்டி, ஆட்டுக்கிடை வைத்து, ஏரி வண்டலடித்து உழவன் சேர்த்த கொழுமையெல்லாம் அந்த நுண்தூளில்தான் இருக்கிறது.

எவ்வளவு தொலைவு போகும்? 1965ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் மழையோடு புழுதி இறங்கியது. அப்புழுதி ஏறத்தாழ ஆயிரம் கல் தொலைவிலுள்ள தெக்சாசுப் பக்கத்து மேட்டு நிலங்களிலிருந்து புயற்காற்றில் கிளம்பியது. அதனை அள்ளி ஆய்ந்தபோது டி.டி.டி. உள்ளிட்ட பூச்சிக்கொல்லிகளும், 2,4,5-டி என்னும் களைக்கொல்லியும் அதில் இருந்தன. அந்த 2,4,5-டிதான் வியத்துநாம் மக்கள்மேல் அமெரிக்க வானூர்திகள் பொழிந்த கலவையின் ஒரு பாதி. தெக்சாசு உழவன் தன் நிலத்தில் தெளித்ததை ஆயிரம் கல்லுக்கப்பால் இருந்த நகரத்தான் மூச்சில் வாங்கினான். இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஐரோப்பாவில் 11 நாடுகளின் உழுநிலங்களிலிருந்து எடுத்த 317 மேல்மண் கூறுகளை ஆய்ந்து 2018இல் வெளிவந்த அறிக்கை, அவற்றுள் 45 விழுக்காட்டில் கிளைபோசேட்டோ அதன் சிதைபொருளோ இருந்ததாகக் கூறுகிறது. காற்றும் நீரும் அம்மண்ணை அரித்துச் செல்கையில் நஞ்சும் உடன் செல்லும் என்பதே அவ்வாய்வாளர் கவலை.

இனி, பெயரைப்பற்றி ஒரு சொல். கடையில் போய் என்ன கேட்கிறோம்? "களைக்கு மருந்து கொடு" என்கிறோம். மருந்து என்பது நோய் நீக்குவது. வள்ளுவர் அப்பெயரால் ஒரு தனிப்பகுதியே வகுத்தார். உயிரைக் கொல்வதற்கு மருந்தென்று பெயரிட்டது வணிகன் சூழ்ச்சி. அதை ஏற்றுக்கொண்டது நம் மடமை. நோயாளிக்குக் கொடுப்பதும் மருந்து, நிலத்தில் ஊற்றுவதும் மருந்து என்றால், கையுறை எதற்கு, முகமூடி எதற்கு என்றுதான் எளியவன் எண்ணுவான். தெளித்த கையோடு சோறு உண்பான். காலிக் குப்பியைக் கழுவி வீட்டில் எண்ணெய் ஊற்றி வைப்பான். மொழித்தூய்மை என்பது புலவர்தம் வீண் பிடிவாதம் என்று எள்ளுவோர் இங்கே சற்று நிற்கட்டும். களைக்கொல்லி என்று சொல்லிப் பழகிய வாய், கொல்லி என்ற சொல்லாலேயே கைக்கு எச்சரிக்கை தருகிறது. குப்பியின் தாளிலும் உள்ளிருக்கும் மடிப்பிதழிலும் வட்டார மொழியில் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளே சொல்கின்றன. இருக்கிறதா? இருக்கிறது, எறும்பின் கால் அளவு எழுத்தில்! அதிலும் தமிழ் எழுத்தில் வடசொல்லும் ஆங்கிலமும். எழுபது அகவை உழவன் அதை எந்தக் கண்ணால் படிப்பான்?

உழவன்மேல் பழிபோடுவதற்காக இவை சொல்லப்படவில்லை. அவன் ஏன் களைக்கொல்லிக்குப் போனான்? களையெடுக்க ஆளில்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் காலணித் தொழிற்கூடங்கள் எழுந்தன. அவற்றில் தோல் தைக்கும் கைகளுள் பெரும்பாலானவை பெண்களின் கைகள். முன்னாளில் களைக்கொட்டுப் பிடித்த குடும்பங்களின் மகளிர் அவர்கள். வெயிலில் குனிந்து பெறும் கூலியைவிட நிழலில் அமர்ந்து பெறும் திங்கட் சம்பளம் மேல் என்று அவர்கள் கருதினால் யார் குறைசொல்ல முடியும்? பத்துப் பெண்கள் இரண்டு நாள் எடுக்கும் களையை ஒரு குப்பி ஒரு முற்பகலில் முடிக்கிறது. கடன்பட்ட உழவன் கணக்குப் பார்க்கிறான். அக்கணக்கில் காற்றுக்கு மட்டும் கட்டமில்லை.

தோல் என்றவுடன் இம்மண்ணின் பழைய புண் நினைவுக்கு வருகிறது. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் கூடங்களின் கழிவால் ஏறத்தாழ 35,000 எக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்டறிந்தது. வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை 1991இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகத்து 28ஆம் நாள் இந்திய உச்ச அறமன்றம் தீர்ப்புரைத்தது. அத்தீர்ப்பில் இரண்டு நெறிகள் இந்நாட்டுச் சட்டமாயின. ஒன்று முன்காப்பு நெறி: கேடு முழுமையாக மெய்ப்பிக்கப்படும்வரை கைகட்டி நிற்கலாகாது, கேடில்லை என்று காட்டும் பொறுப்பு செய்பவனுடையது. மற்றொன்று, கெடுத்தவனே ஈடுகட்ட வேண்டும் என்பது. இந்தியா முழுமைக்கும் இவ்விரு நெறிகளையும் வழங்கியது வடார்க்காட்டு உழவன் பட்ட துன்பம்! ஆயினும் இராணிப்பேட்டையில் 1995இல் மூடப்பட்ட குரோமியத் தொழிலகம் ஒன்றரை நூறாயிரம் டன்னுக்கு மேற்பட்ட கழிவை மலைபோல் விட்டுச் சென்றது. 2025 சனவரி 30ஆம் நாளிலும் அதே உச்ச அறமன்றம் இதே தோல் மாவட்டத்து உழவருக்கு ஈடு வழங்குவது பற்றி மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. தீர்ப்புக்கும் திருத்தத்திற்கும் இடையே 28 ஆண்டுகளுக்கு மேல்!

அந்த வழக்கில் ஒரு வசதி இருந்தது. தோற்கழிவுக்குக் குழாய் உண்டு. குழாய் எங்கே தொடங்குகிறது என்று கைநீட்டிக் காட்டலாம். நீரின் நிறம் மாறும்; நாற்றம் எடுக்கும்; கிணற்றில் உப்புக் கரிக்கும். புழுதியில் ஏறிய நஞ்சுக்குக் குழாயில்லை, நிறமில்லை, நாற்றமில்லை. ஆயிரம் நிலங்களிலிருந்து கிளம்பி ஆயிரம் முற்றங்களில் இறங்குகிறது. அடுத்த நிலத்துத் தக்காளி இலை சுருண்டால் வெப்பம் என்பார்கள். குழந்தை இருமினால் பனி என்பார்கள். யார்மேல் வழக்குத் தொடுப்பது? கெடுத்தவன் யார்? தெளித்தவனா, விற்றவனா, ஆக்கியவனா? தெளித்தவனே முதலில் மூச்சு வாங்குபவன். அவனைக் கெடுத்தவன் வரிசையில் நிறுத்துவது அறமாகாது. ஆகவே இங்கே ஈடுகட்டும் நெறி வந்து சேர நெடுங்காலம் ஆகும். முன்காப்பு நெறி ஒன்றே இப்போதைக்குக் கைக்கெட்டுவது.

கிளைபோசேட்டு புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2015இல் வகைப்படுத்தியது. அமெரிக்க, ஐரோப்பிய ஒப்புதல் வாரியங்கள் அதனை மறுத்தன. வல்லுநர் பிளவுபட்டு நிற்கும் இடத்தில்தான் முன்காப்பு நெறிக்கு வேலை. நடுவண் அரசும் 2022 அக்டோபரில், பயிற்சிபெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர் வழியாகவன்றி அதனைப் பயன்படுத்தலாகாதென ஆணையிட்டது. பாராகுவாட்டு என்னும் மற்றொரு களைக்கொல்லிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் அளிக்கப்பட்டிருந்த ஒப்புதல் 2007இல் அறமன்றத்தால் நீக்கப்பட்டது. அதன் பின்னரும் இங்கிலாந்துத் தொழிலகத்திலிருந்து அது பிற நாடுகளுக்குக் கப்பலேறியது. தம் மண்ணுக்கு ஆகாதது பிறர் மண்ணுக்கு ஆகுமாம்! களிமத்தை இறுகப் பற்றி மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் நஞ்சு அது. அதனைக் கேரளம் 2011இலேயே தடுத்தது.

கடல்கடந்த தமிழன் கதையும் இதில் உண்டு. மலேசியத் தோட்டங்களில் முதுகில் கலம் சுமந்து பாராகுவாட்டுத் தெளித்தோருள் தமிழ்ப்பெண்கள் மிகப்பலர். அவர்தம் உடல்நிலையைத் தெனாகனிதா என்னும் பெண்கள் அமைப்பு 2002இல் அறிக்கையாக வெளியிட்டது. அவ்வாண்டே அரசு தடை அறிவித்தது; 2006இல் தளர்த்தியது; 2020இல்தான் முழுத் தடை வந்தது. இலங்கை அரசு, வறள்மண்டல உழவரின் சிறுநீரக நோயைக் கரணியம் காட்டி, 2015இல் கிளைபோசேட்டைத் தடுத்தது. 2018இல் முதல் விலக்கு எதற்குக் கிடைத்தது? தேயிலைக்கும் இரப்பருக்கும்! அத்தேயிலை மலையில் உழைப்பவர் யார் என்று இக்கூட்டத்தில் எவருக்கும் சொல்லத் தேவையில்லை. ஏற்றுமதிக் கணக்கு வந்தவுடன் தமிழ்த் தொழிலாளியின் மூச்சு கணக்கிலிருந்து விழுந்துவிட்டது.

சரி, கணியம்பாடி என்ன செய்யலாம்? நஞ்சை ஒரே நாளில் விட்டுவிடு என்பது மேடைக்கு எளிது; கடன்காரனுக்கு எளிதன்று. ஆனால் மண்ணைப் பறக்கவிடாமல் பிடித்துக்கொள்வது இன்றே முடியும். மண் பறக்காவிட்டால் நஞ்சும் பறக்காது. மல்லாட்டைக்கிடையே துவரைச் சால் விடுவதும், மேற்குப்புற வரப்போரம் கம்போ சோளமோ நெருக்கி விதைப்பதும் பழைய வடார்க்காட்டு வழக்கமே. கோடைக்காற்றின் வேகத்தைத் தரைமட்டத்தில் முறிக்கும் வேலி அது. முன்பருவத்துக் கட்டையைப் பிடுங்கி எரிக்காமல் நிலத்தில் விடுங்கள். புழுதி பறக்கும் அளவுக்கு மாவாக உழாதீர்கள்; இழுவைப் பொறியின் சுழற்கலப்பை மண்ணை மாவாக்குவதுபோல் நாட்டுக்கலப்பை ஆக்கியதில்லை. வேலியோரம் கிளுவையும் புங்கும் வேம்பும், இடைவெளியில் பனையும் இருந்தன. கம்பிவேலி வந்தபோது அவை போயின. அவை திரும்பட்டும். ஏரி வண்டல் அடித்தால் மணற்பாங்கான மண்ணுக்குப் பிடிப்பு வரும். நாகநதியை மீட்க இவ்வட்டாரப் பெண்கள் கற்சுவர் அடுக்கிச் செறிவூட்டுக் கிணறுகள் கட்டினார்கள். நீரைப் பிடிக்கத் தெரிந்த கைகளுக்கு மண்ணைப் பிடிக்கத் தெரியாதா? அக்கிணறுகளுக்குள் இறங்கும் நீர், புழுதி படிந்த நிலத்தைக் கழுவிக்கொண்டுதான் இறங்குகிறது என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

களையைப் பற்றியும் ஒரு கேள்வி. குப்பிக்காரனுக்கு மல்லாட்டை தவிர மற்றதெல்லாம் களை. இங்குள்ள தாய்மாருக்கு அப்படியா? பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் குப்பைக்கீரையும் மூக்கிரட்டையும் மல்லாட்டைக் காட்டிலிருந்து மடியில் கட்டிவந்த குழம்புக்கீரைகள் அல்லவா? கோரையும் அறுகும் களைதான், பார்த்தீனியம் பெருங்களைதான். அவற்றுக்குக் கைத்தள்ளு களைக்கருவி உண்டு. விசைக் களையெடுப்பானும் உண்டு. ஊருக்கு இரண்டு விசைக் களையெடுப்பான்கள் கூட்டுறவில் இருந்தால், ஆளில்லை என்ற முறையீட்டில் பாதி குறையும்.

மறுபாதி அரசின் பொறுப்பு. பாகாயத்திலிருந்து வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி வட்டாரச் சிற்றூர்களின் பிறப்பையும் இறப்பையும் நோயையும் பல்லாண்டுகளாகப் பதிந்து வருகின்றனர். இந்தியாவில் இவ்வளவு நெருங்கிக் கணக்கெடுக்கப்பட்ட ஊர்ப்புறங்கள் மிகச் சிலவே. விரிஞ்சிபுரத்தில் வேளாண் பல்கலைக்கழக ஆய்வு நிலையம் இருக்கிறது. நோய்க்கணக்கும் இங்கே, மண்ணறிவும் இங்கே. இரண்டையும் இணைப்பதற்கு வேண்டியவை புழுதி பிடிக்கும் தட்டுகளும், ஒரு சல்லடையும், ஓர் ஆய்வுக்கூடத்தின் சில நாள் உழைப்புமே.

எனவே மாவட்ட ஆட்சியரகத்தில் திங்கள்தோறும் கூடும் உழவர் குறைதீர் கூட்டத்தில் கொடுக்க, வேண்டுகை ஒன்று எழுதப்பட்டுள்ளது, தமிழில் எழுதப்பட்டுள்ளது. ஆனி முதல் ஆவணி முடிய, மல்லாட்டைக் காட்டு மேற்கு வரப்பிலும் கிழக்கு வரப்பிலும் பள்ளி முற்றத்திலும் புழுதித் தட்டுகள் வைத்து, பெண்டிமெத்தலின், கிளைபோசேட்டு, பாராகுவாட்டு, 2,4-டி ஆகியவற்றை அளந்து ஊர்மன்றத்தில் அறிவிக்க வேண்டும் என்பது முதல் வேண்டுகை. களைக்கொல்லி விற்கும் ஒவ்வொரு கடை வாயிலிலும் எட்டிநின்று படிக்கத்தக்க தமிழெழுத்தில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்பது இரண்டாவது. விசைக் களையெடுப்பான்களை ஊர்க்கூட்டுறவுக்கு வழங்க வேண்டும் என்பது மூன்றாவது. கையொப்பத் தாள் மேடையின் வலப்புறம் இருக்கிறது. களையெடுக்கும் பெண்கள் முதலில் கையெழுத்திடட்டும். நிலத்துக்காரர் பின்னர் இடலாம்.